வால்வைக் குற்றம் சொல்வதற்கு முன் சோதித்துப் பாருங்கள்

எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம். வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று சொல்லி, ஜெலுத்தோங்கில் ஒரு வாகனப் பட்டறையில் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். முடிவு வந்த பிறகும் நான் இந்தத் தொழிலை விடவில்லை. 12 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று எனக்குக் கீழே இரண்டு பயிற்சியாளர்கள் வேலை கற்கிறார்கள். அவர்களுக்கு முதல் நாளில் நான் சொல்லும் கதையையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன். அது என்னுடைய தவற்றின் கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் அண்ணன் ஒருவர் பட்டறைக்கு வந்தார். டீசல் வேன். மீட்டர் பலகையில் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஆயர் ஈத்தாம் மேட்டில் வண்டி முன்போல் இழுப்பதில்லை என்றார். தலைமை ஃபோர்மன் பட்டர்வொர்த்துக்கு வேலையாகப் போயிருந்தார். நான் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். பி-0401 என்று வந்தது. இ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை என்பது அதன் பொருள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “அண்ணே, இ.ஜி.ஆர். வால்வு போய்விட்டது. மாற்ற வேண்டும்” என்றேன். புது வால்வுக்கும் கூலிக்கும் சேர்த்து 900 ரிங்கிட். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

மூன்றாம் நாள் அதே விளக்கோடு வேன் திரும்பி வந்தது. இம்முறை ஃபோர்மன் இருந்தார். அறுபது வயதைத் தாண்டிய சீனர். எல்லாரும் அவரை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னிடம் மலாயில் கேட்டது ஒரே கேள்விதான்: “டெஸ்ட் செய்தாயா?” ஸ்கேனரில் பார்த்தேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கழிவுப் பெட்டியிலிருந்து நான் கழற்றிப் போட்ட பழைய வால்வை எடுத்து வந்தார். கையால் இயக்கும் வாக்குவம் பம்பை அதன் முனையில் மாட்டினார். நான்கு முறை அழுத்தினார். உள்ளே இருந்த தண்டு மெதுவாக மேலே ஏறியது. பம்பின் முள் அரை நிமிடம் அசையாமல் நின்றது. காற்றை விட்டதும் தண்டு இறங்கி மூடிக்கொண்டது. வால்வில் ஒரு குறையும் இல்லை.

பிறகு வேனின் அடியில் விளக்குப் பிடித்து வாக்குவம் குழாயைத் தடவிக்கொண்டே போனார். வளைவான ஓர் இடத்தில் ரப்பர் வெடித்திருந்தது. இ.ஜி.ஆர். வால்வுக்கும் டர்போவுக்கும் அந்த ஒரே குழாயிலிருந்துதான் வாக்குவம் பிரிகிறது. வண்டி இழுக்காததற்கும் காரணம் அதுவே. புதுக் குழாயின் விலை 10 ரிங்கிட்டுக்கும் குறைவு.

வேன் அண்ணன் கோபப்படவில்லை. “பரவாயில்லை தம்பி, கற்றுக்கொண்டால் சரி” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மாதம் மகளின் டியூஷன் கட்டணத்தைத் தள்ளிப்போட்டுத்தான் அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தார் என்பது பிறகே தெரிந்தது. என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் 100 ரிங்கிட் பிடித்து அவருக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

அந்த 900 ரிங்கிட் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது: ஒரு பாகத்தின் மீது பழி சொல்வதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். சோதிக்கத் தெரியாதவன் பாகத்தை மாற்றுகிறவன் மட்டுமே. பழுது பார்க்கிறவன் ஆகமாட்டான். வாகனத் தொழிற்கல்வி பயிலும் தம்பி தங்கைகளுக்கும், நாளை சொந்த வண்டி வாங்கப்போகும் மற்ற மாணவர்களுக்கும் இதை இ.ஜி.ஆர். வால்வை வைத்தே விளக்குகிறேன்.

அந்த வால்வு என்ன செய்கிறது?

காற்றில் ஏறக்குறைய 78 விழுக்காடு நைட்ரஜன் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். சாதாரணமாக அது எதனுடனும் சேராமல் ஒதுங்கியிருக்கும். ஆனால் என்ஜினின் எரிப்பு அறையில் வெப்பம் ஏறக்குறைய 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டி உயரும்போது நைட்ரஜனும் ஆக்சிஜனும் வேகமாகச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்குகின்றன. அவற்றில் நைட்ரஜன் டையாக்சைடு நுரையீரலைப் புண்படுத்தக்கூடியது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு அது இன்னும் கெடுதல். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதற்கான ஆண்டுச் சராசரி அளவை ஒரு கன மீட்டர் காற்றுக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அந்த அளவுக்குக் கவனிக்க வேண்டிய வாயு இது.

இதைக் குறைக்கப் பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது. எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி என்ஜினுக்குள்ளேயே அனுப்புவது. ஏற்கெனவே எரிந்துபோன அந்தப் புகையில் கார்பன் டையாக்சைடும் நீராவியும் அதிகம், ஆக்சிஜன் குறைவு. அது உள்ளே போனால் எரிப்பின் உச்ச வெப்பம் தணியும். வெப்பம் தணிந்தால் நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். இதுதான் கழிவு வாயு மறுசுழற்சி. எவ்வளவு புகை, எந்த நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதைத் திறந்து மூடித் தீர்மானிக்கும் கதவுதான் இ.ஜி.ஆர். வால்வு. டீசல் வண்டியில் மட்டும்தான் இது உண்டு என்று நினைக்க வேண்டாம். பல பெட்ரோல் என்ஜின்களிலும், சில ஹைபிரிட் கார்களிலும் இது இருக்கிறது.

இந்தக் கதவுக்கு ஒரு தலைவலி உண்டு. புகையோடு வரும் கரித்தூளும் என்ஜினுக்குள்ளிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார்போல் ஒட்டிக்கொள்ளும். மெதுவாகவும் குறைந்த தூரமும் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் சேரும். நம் ஜார்ஜ்டவுனில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையில் ஜெலுத்தோங்கிலிருந்து கொம்தார் பக்கம் ஊர்ந்து போவது, பள்ளி வாசலில் என்ஜினை அணைக்காமல் காத்திருப்பது, பிறகு அடுத்த தெருவுக்கு நகர்வது. என்ஜின் நன்றாகச் சூடேறி ஓட வாய்ப்பே கிடைப்பதில்லை. வேன் அண்ணன்களின் வண்டியில் கரி அதிகம் சேர்வதற்கு இந்த ஓட்டமே பெரும் காரணம்.

எப்படிச் சோதிப்பது?

சோதனை ஸ்கேனரில் தொடங்குவதில்லை. வண்டிக்காரரிடம் பேசுவதில் தொடங்குகிறது. எப்போது விளக்கு எரிந்தது, ஐட்லிங்கில் நடுங்குகிறதா, கரும்புகை வருகிறதா, கூலண்ட் குறைகிறதா என்று கேட்க வேண்டும். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஐட்லிங் தடுமாறும், சில வண்டிகள் நின்றே போகும். டீசலில் கரும்புகை தள்ளும், இழுவை குறையும். மூடியபடி சிக்கிக்கொண்டால் பெட்ரோல் என்ஜினில் தட்டும் ஓசை கேட்கலாம். டீசல் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இந்த ஒரு விஷயம் எனக்கு அன்று தெரிந்திருந்தால் போதும். ‘ஓட்டம் போதவில்லை’ என்று ஸ்கேனர் சொல்கிறது, வண்டியும் இழுக்கவில்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று சந்தேகித்திருப்பேன்.

அடுத்தது ஸ்கேனர். பி-0401 என்றால் ஓட்டம் குறைவு, பி-0402 என்றால் ஓட்டம் அதிகம், பி-0403 என்றால் மின்சுற்றுக் கோளாறு. இவை எதுவும் ‘வால்வை மாற்று’ என்று சொல்வதில்லை. எந்த இடத்தில் தேட வேண்டும் என்றுதான் சொல்கின்றன. காய்ச்சல் இருக்கிறது என்று வெப்பமானி காட்டும். எந்த நோய் என்று காட்டாது. குறியீட்டைப் படித்ததோடு நிற்காமல், ஓடும் என்ஜினின் நேரடி அளவுகளைப் பார்க்க வேண்டும். கணினி வால்வை எவ்வளவு திறக்கச் சொல்கிறது, வால்வு உண்மையில் எவ்வளவு திறக்கிறது என்ற இரண்டு எண்களும் சேர்ந்து நகர வேண்டும். வால்வு திறக்கும்போது காற்று அளவு சென்சாரின் எண் குறைய வேண்டும். புகை உள்ளே வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் புதுக் காற்று குறைவாகத்தானே வரும்? வால்வு திறக்கிறது, ஆனால் காற்று அளவு குறையவில்லை என்றால் பாதை அடைபட்டிருக்கலாம், அல்லது சென்சாரே பொய் சொல்லலாம்.

மூன்றாவது, கண்ணும் கையும். என்ஜின் ஆறிய பிறகே தொட வேண்டும். வாக்குவத்தால் இயங்கும் வால்வு என்றால் குழாய்களை முழு நீளத்துக்கும் தடவிப் பார்க்க வேண்டும். கைப்பம்பை மாட்டி டயாப்ரம் வாக்குவத்தைத் தாங்குகிறதா, தண்டு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். ஐட்லிங்கில் ஓடும் பெட்ரோல் என்ஜினில் வால்வைப் பம்பால் திறந்தால் என்ஜின் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் புகை வரும் வழியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அதாவது வால்வு நன்றாகவே இருக்கலாம், வழிதான் மூடியிருக்கிறது.

மின்சாரத்தால் இயங்கும் வால்வு என்றால் மல்டிமீட்டர் வேண்டும். பிளக்கைக் கழற்றி, சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, மோட்டாரின் தடை கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுந்த ஒயருக்காகவும் பச்சை பிடித்த பிளக்குக்காகவும் புது வால்வு வாங்கியவர்கள் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகுதான் வால்வைக் கழற்ற வேண்டும். கரி படிந்து சிக்கியிருந்தால் பல நேரங்களில் சுத்தம் செய்தாலே போதும். ஆனால் சுத்தம் செய்யும் திரவத்தை மோட்டார், சென்சார் பக்கம் அடிக்கக் கூடாது. மின் வால்வை ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரம் உடைந்துவிடும். திரும்பப் பொருத்தும்போது கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். சில வண்டிகளில் வால்வின் மூடிய நிலையைக் கணினிக்கு ஸ்கேனர் வழியாக மீண்டும் கற்பிக்க வேண்டும். கடைசியாகச் சாலையில் ஓட்டிப் பார்த்து, குறியீடு திரும்ப வரவில்லை என்று உறுதி செய்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் குளிர்விப்பானையும் மறக்கக் கூடாது. 2018இல் தென்கொரியாவில் 40க்கும் மேற்பட்ட பி.எம்.டபிள்யூ. கார்கள் தீப்பிடித்தன. அவற்றில் பெரும்பாலான தீக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது இ.ஜி.ஆர். குளிர்விப்பானில் ஏற்பட்ட கூலண்ட் கசிவு. கசிந்த கூலண்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டபோது எரிந்தது. சோதனை செய்யப்படாத அந்த ரகக் கார்களைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று அந்நாட்டு அரசு அந்த ஆண்டு ஆகஸ்டில் உத்தரவிட்டது. ‘கூலண்ட் அடிக்கடி குறைகிறது’ என்று வாடிக்கையாளர் சொன்னால் ‘ஊற்றிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அடைத்துவிட்டால் தீர்ந்ததா?

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே வேன் அண்ணன் மீண்டும் வந்தார். இம்முறை வால்வில் உண்மையாகவே கரி அடைத்திருந்தது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “தம்பி, வேறு ஒரு கடையில் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்கிறார்கள். 150 வெள்ளிதானாம். பிறகு தொல்லையே இருக்காதாமே?”

இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே ஓர் இரும்புத் தகட்டை வைத்து அடைப்பார்கள். விளக்கு எரியாமலிருக்கக் கணினியின் மென்பொருளையும் மாற்றிவிடுவார்கள். கரி சேராது, வண்டியும் துடிப்பாக ஓடுவதுபோல் தெரியும். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வால்வு எதற்காக இருக்கிறதோ அந்த வேலை நின்றுபோகிறது. நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. பள்ளி வாசலில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வேனைச் சுற்றி நிற்பவர்கள் யார்? அவர் ஏற்றிப் போகும் அதே பிள்ளைகள்தான்.

நம் நாட்டில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டீசல் வண்டிகளின் புகைக்கான விதிகள் 1996இல் வந்தன. சாலையில் ஓடும் டீசல் வண்டியைச் சுற்றுச்சூழல் துறை நிறுத்திச் சோதிக்கும்போது அளக்கப்படுவது கரும்புகையின் அடர்த்தி. 50 ஹார்ட்ரிட்ஜ் புகை அலகைத் தாண்டக் கூடாது. கரும்புகையைப் பிடிக்க அது நல்ல சோதனை. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு அதில் அகப்படாது. இ.ஜி.ஆரை அடைத்தால் கரும்புகை குறையவே வாய்ப்பு அதிகம். ஆக, அடைத்த வண்டி சோதனையில் இன்னும் நல்ல மதிப்பெண் எடுத்துத் தேறிவிடலாம். பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றோ மோசமாகியிருக்கும். தேர்வில் தேறுவது வேறு, பாடம் தெரிந்திருப்பது வேறு என்று ஆசிரியர்கள் சொல்வது என்ஜினுக்கும் பொருந்துகிறது.

இந்த வித்தியாசத்தை உலகத்துக்கே காட்டியவர்களில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வாகனப் புகையை ஆராயும் ஒரு சிறு குழு. அதில் சென்னையிலிருந்து மேற்படிப்புக்குச் சென்ற அரவிந்த் திருவேங்கடம், பெங்களூருவின் ஹேமந்த் கப்பண்ணா, சுவிட்சர்லாந்தின் மார்க் பெஷ் ஆகிய இளம் ஆய்வாளர்கள் இருந்தனர். குழுவின் தலைவர் டேனியல் கார்டர். 2013இல் மூன்று டீசல் கார்களை எடுத்துக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்து உருளைகளில் ஓட்டியதோடு நிற்காமல், அளவுக் கருவிகளைக் காரின் பின்பகுதியில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் நிஜமான சாலைகளில் ஓட்டினார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரைகூட ஓட்டிப் போய்த் திரும்பினார்கள்.

யாரையும் மாட்டிவிடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. டீசல் கார் சுத்தமானது என்று நிரூபணமாகும் என்றே எதிர்பார்த்தார்கள். ஆனால் சாலையில் ஃபோக்ஸ்வேகன் ஜெட்டாவின் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு. பஸாட்டுடையது 5 முதல் 20 மடங்கு. மூன்றாவது காரான பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது. கருவி தவறாக இருக்குமோ என்று மீண்டும் மீண்டும் சரிபார்த்த பிறகே 2014 மே மாதம் முடிவை வெளியிட்டார்கள். 2015 செப்டம்பர் 18ஆம் நாள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு அந்த நிறுவனத்தின் மீது குற்றம் சாட்டியது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருப்பதாக நிறுவனமே சில நாட்களில் ஒப்புக்கொண்டது.

அந்த மென்பொருள் என்ன செய்தது தெரியுமா? ஐரோப்பாவில் விற்ற கார்களில் அது தேர்வு நேரத்தைக் கண்டுபிடித்து இ.ஜி.ஆர். வால்வை நன்றாகத் திறக்க வைத்தது. தேர்வு முடிந்து சாலைக்கு வந்தால் திறப்பைக் குறைத்துவிடும். நம் ஊர்ப் பட்டறையில் தகடு வைத்துச் செய்வதை அங்கே மென்பொருள் வைத்துச் செய்தார்கள்.

இத்தகைய மென்பொருள் தொடர்பாகப் பிரான்ஸிலிருந்து வந்த வழக்கு ஒன்றில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2020 டிசம்பர் 17ஆம் நாள் தீர்ப்பளித்தது. என்ஜினில் அழுக்கு அடைக்காமலும் அது சீக்கிரம் தேயாமலும் பாதுகாக்கவே இப்படிச் செய்தோம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதைப் படித்தபோது எனக்கு வேன் அண்ணனின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. ‘கரி அடைக்கிறது, ஆகவே மூடிவிடுவோம்’ என்ற அதே வாதம்!

ஏழைக்கு யார் பதில் சொல்வது?

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். வேன் ஓட்டிப் பிழைப்பவரிடம் போய்க் காற்றைப் பற்றி வகுப்பெடுப்பது எளிது. வண்டி ஒரு நாள் நின்றால் அவருக்கு ஒரு நாள் வருமானம் போகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாமல் நிற்கிறார்கள். அடிக்கடி தொல்லை கொடுக்கும் ஒரு பாகத்தை ஒரேயடியாக மூடிவிட நினைப்பது அவருடைய குற்றமா? என்னைப் போன்ற ஒருவன் சோதிக்காமல் 900 ரிங்கிட் வாங்கியிருக்கிறானே, அவனை நம்பி மீண்டும் எப்படிப் பணம் கொடுப்பார்? என் அனுபவத்தில், தகடு தேடிப் போகிறவர்களில் பலர் தவறான பழுதுக்கு ஏற்கெனவே பணம் இழந்தவர்கள். நாங்கள் ஒழுங்காகச் சோதித்திருந்தால் அவர்களுக்கு அந்த எண்ணம் வந்திருக்காது.

அன்று வேன் அண்ணனுக்கு நான் தகடு வைக்கவில்லை. வால்வைக் கழற்றி, வழியையும் சேர்த்துச் சுத்தம் செய்தேன். இரண்டு மணி நேர வேலை. புதுக் கேஸ்கெட்டோடு தகட்டு விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகமானது. ஸ்கேனரில் இரண்டு எண்களும் சேர்ந்து நகர்வதை அவரையே பார்க்க வைத்தேன். பள்ளி வாசலில் காத்திருக்கும்போது என்ஜினை அணைத்துவிடுங்கள், முடிந்தால் வாரம் ஒருமுறை பாலத்தைத் தாண்டி நல்ல வேகத்தில் ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

‘இனி எல்லாம் மின்சாரக் கார்தானே, இ.ஜி.ஆரைப் படித்து என்ன பயன்?’ என்று சில மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இன்று சாலையில் இருக்கும் வேன்களும் லாரிகளும் நாளைக் காலையில் மறைந்துவிடப் போவதில்லை. அவை மறைந்தாலும், கேள்வி கேட்பது, அளப்பது, ஒப்பிடுவது, பிறகு முடிவு சொல்வது என்ற இந்த வரிசை மின்சாரக் காரின் பேட்டரிக்கும் தேவைதான். அங்கே சோதிக்காமல் மாற்றினால் நட்டம் இன்னும் பெரிது.

மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது

தொழிற்கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.எல்.பி.யிலோ வாகனத் தொழில்நுட்பம் படிக்கிற தம்பி தங்கைகளே, எஸ்.கே.எம். சான்றிதழுக்காகச் செய்முறைத் தாளை நிரப்பும்போது கவனமாக இருங்கள். அளவை எடுக்காமலேயே பக்கத்து மாணவனின் எண்ணைப் பார்த்து எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு, நானும் செய்திருக்கிறேன். அந்தப் பழக்கம்தான் பின்னாளில் ஒரு வேன் அண்ணனின் பணத்தைத் தின்றது. நீங்களே எடுத்த அளவை, அது பாடநூலோடு பொருந்தாவிட்டாலும், அப்படியே எழுதுங்கள். ஏன் பொருந்தவில்லை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மேற்கு வர்ஜீனியாவில் அந்த இளைஞர்கள் செய்ததும் இதைத்தான்.

பட்டறைகளை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். பில்லில் பாகத்தின் விலையை எழுதுவதுபோல், மாற்றுவதற்கு முன் என்ன சோதனை செய்தோம், என்ன அளவு வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே கொடுங்கள். சோதனைக்குத் தனிக்கூலி கேட்டால் தவறில்லை; அது மூளைக்கும் நேரத்துக்குமான கூலி.

மற்ற துறைகளில் படிக்கும் மாணவர்களே, உங்கள் வீட்டு வண்டி பட்டறைக்குப் போகும்போது அப்பாவோடு நீங்களும் போங்கள். ஒரு கேள்வி கேட்டால் போதும்: “மாற்ற வேண்டும் என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?” மரியாதையாகக் கேளுங்கள். சோதித்த ஃபோர்மன் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

படிப்பு ஏறாதவன்தான் பட்டறைக்குப் போவான் என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். இந்த ஒரு வால்வைச் சரியாகச் சோதிக்க வேதியியல், இயற்பியல், மின்னியல், எல்லாவற்றுக்கும் மேல் நேர்மை வேண்டும். இவை படிப்பு இல்லையென்றால் வேறு எதைப் படிப்பு என்பது?

வேன் அண்ணன் இப்போதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பழைய வால்வு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. புதிதாக வரும் பயிற்சியாளர் யாராவது “அண்ணே, இது போய்விட்டது” என்று ஒரு பாகத்தோடு வந்தால், நான் அந்த வால்வையும் கைப்பம்பையும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கிளின் கேள்வியைக் கேட்பேன்: “டெஸ்ட் செய்தாயா?”